லைன் எக்ஸ்டெண்டர்களுக்கு இடையே டேட்டா லிங்க்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூற்பாலையில் புளோரூம் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் பகுதி) ஒரு கட்டடத்திலும் கோடவுன் இன்னொரு கட்டடத்திலும் இருக்கும்போது, இரண்டு இடத்து இன்டர்காம் லைன்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பேச்சையும் அறிவிப்பையும் கடத்துவது லைன் எக்ஸ்டெண்டர்களின் வேலை. எந்த லைன் உபயோகத்தில் இருக்கிறது, எங்கே பழுது என்பது போன்ற செய்திகளை அவை ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்ளும் பாதைதான் டேட்டா லிங்க். இந்தப் பாதை ஆர்.எஸ்.485 முறையில், அதாவது ஒரு ஜோடிக் கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டால் செய்தி அனுப்பும் முறையில், அமைந்த கருவிகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். காரைக்குடி வட்டாரத்து ஆலைகளில் "செட்டிங் சரியில்லை" என்று என்னை அழைத்த இடங்களில் பெரும்பாலும் செட்டிங் சரியாகவே இருந்தது. கேபிள் போட்ட விதம்தான் தவறாக இருந்தது.

முதல் தவறு, கேபிளை நடுவிலிருந்து பல திசைகளுக்குப் பிரிப்பது. செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு என வாசல்கள் ஒரே நேர்கோட்டில் பின்வாசல் வரை தெரியும். டேட்டா ஜோடியும் அப்படியே முதல் கருவியிலிருந்து இரண்டாவதற்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும் ஒரே பாதையாகப் போக வேண்டும். தேவகோட்டை சாலையில் உள்ள ஓர் ஆலையில் நடுப் பேனலிலிருந்து மூன்று கிளைகளாகக் கேபிள் போயிருந்ததைக் கவனிக்காமல், நான் இரண்டு நாட்கள் பாட் ரேட்டை, அதாவது டேட்டா போகும் வேகத்தை, குறைத்துக் குறைத்துப் பார்த்தேன். பிழைகள் குறைந்தன, நிற்கவில்லை. கிளைகளின் நுனியில் எதிரொலித்துத் திரும்பிய சிக்னல்தான் காரணம் என்பது, கிளைகளை நீக்கி ஒரே வரிசையாக்கிய பிறகே உறுதியானது.

அந்த எதிரொலியைத் தடுக்கவே பாதையின் இரு முனைகளில் மட்டும் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் வைக்கிறோம். ஒவ்வொரு கருவியிலும் டெர்மினேஷன் சுவிட்ச் இருப்பதால் எல்லாவற்றையும் 'ஆன்' செய்துவிடுகிறார்கள். அது லைனின் மீது தேவையற்ற சுமையை ஏற்றுகிறது. எல்லாக் கருவிகளின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு ஜோடியின் குறுக்கே மல்டிமீட்டரை வைத்தால், குறுகிய லைனில் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விடுபட்டிருக்கிறது, 40 காட்டினால் மூன்று ரெசிஸ்டர்கள் இருக்கின்றன. நீண்ட லைனில் செம்புக் கம்பியின் தடையும் சேரும் என்பதால், 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியில் 500 மீட்டருக்கு ஏறக்குறைய 76 ஓம் வருவதைப் பழுதென்று எண்ண வேண்டாம்.

டேட்டா ஜோடியை மாட்டும் முனைகளில் ஏ, பி என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புவதும் தவறுதான், ஏனென்றால் எல்லா நிறுவனங்களும் அந்த எழுத்துகளை ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை. இரு வேறு நிறுவனக் கருவிகள் பேச மறுத்தால், ஒரு பக்கத்தில் மட்டும் இரு கம்பிகளையும் மாற்றிப் பார்க்கலாம்.

எர்த் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பகுதியின் செம்பொறை நிலம் கோடையில் வறண்டுவிடும்போது எர்த் குழியின் தடை உயர்கிறது. இரு கட்டடங்களுக்குத் தனித்தனி எர்த் இருந்தால் அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. ஆர்.எஸ்.485 தாங்கும் வரம்பு −7 முதல் +12 வோல்ட் வரைதான். ஆகவே இரண்டு கம்பிகள் போதும் என்று நினைக்காமல், மூன்றாவதாகக் கருவிகளின் பூஜ்ய வோல்ட் முனைகளை இணைக்கும் பொதுக் கம்பி ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். கேபிளின் உலோக உறையான ஷீல்டை இரு முனைகளிலும் எர்த் செய்தால் அதன் வழியே மின்னோட்டம் ஓடி இரைச்சலைக் கூட்டும். கருவியின் கையேடு வேறு விதமாகச் சொல்லாதவரை ஒரு முனை போதும். கட்டடங்களுக்கு இடையே திறந்த வெளியில் கேபிள் போனால், ஐப்பசி இடிமழையை மனத்தில் வைத்து இரு முனைகளிலும், மின்னலால் திடீரென எழும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்புக் கருவி வைக்க வேண்டும். ஒளியால் டேட்டாவைக் கடத்தும் ஃபைபர் கேபிளுக்கு மாற வசதியிருந்தால் தயங்காமல் மாறுங்கள்; மின்னல், எர்த் ஆகிய இரண்டு தொல்லைகளும் பெரிதும் நீங்கிவிடும்.

நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்களின் மோட்டார் டிரைவ் கேபிள் போகும் அதே டிரேயில் டேட்டா கேபிளைப் போடக் கூடாது. குறுக்கிட்டே ஆக வேண்டுமானால் செங்கோணத்தில் கடக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் செட்டிங் எளிது. பாட் ரேட், பாரிட்டி (பிழை சோதிக்கும் பிட்), ஸ்டாப் பிட் (ஒவ்வொரு எழுத்தின் முடிவைக் காட்டும் பிட்) ஆகியவை எல்லாக் கருவிகளிலும் ஒன்றாகவும், கருவியை அடையாளம் காட்டும் முகவரி எண் ஒவ்வொன்றுக்கும் வேறாகவும் இருக்க வேண்டும். பழுதான கருவிக்குப் பதிலாக ஸ்பேரை மாட்டும்போதுதான் முகவரி இரட்டிக்கும் தவறு அதிகம் நடக்கிறது. முகவரியை அமைக்கும் சிறு சுவிட்சுகளான டிப் சுவிட்ச் உள்ள பல கருவிகள் மின்சாரம் வரும் நேரத்தில் மட்டுமே அதைப் படிக்கும் என்பதால், மாற்றியபின் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். முகவரி, வேகம், எந்த முனையில் டெர்மினேஷன் இருக்கிறது, மல்டிமீட்டர் காட்டிய ஓம் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். இரவு ஷிப்டில் ஸ்பேரை மாட்ட வருபவருக்குக் கையேட்டைவிட அந்தத் தாள்தான் முதலில் கண்ணில் படும்.