இருபதடி லைன் போதும்: நீலகிரி ஓடைகளில் டிரவுட் பிடிக்க

ஃப்ளை ஃபிஷிங் (இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலக் கட்டிய கொக்கியை வீசி மீன் பிடிப்பது; அந்தக் கொக்கிதான் ஃப்ளை) கற்றுக்கொள்ளலாம் என்று யூடியூபைத் திறந்தால், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மாடிசன், மிசூரி ஆறுகள்தான் வந்து நிற்கும். அகன்ற தண்ணீர், மிதந்து போகும் படகு, தலைக்கு மேல் அறுபது, எழுபது அடிக்கு விரியும் லைன். பார்க்க அழகுதான். அதே நினைப்பில் ஒன்பதடி ராடோடு குந்தா பக்கத்து ஓடைக்கு வந்தால், முதல் வீச்சிலேயே ஃப்ளை பின்னால் இருக்கும் சோலை மரத்தில் தொங்கும். இங்கே இருபதடி லைனைச் சரியாகப் போடத் தெரிந்தால் போதும்.

முதலில் காகித வேலை. டிரவுட் நம் மலையின் மீனே இல்லை. 1860களில் ஆங்கிலேய மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று தோற்றார். வானவில் டிரவுட்டை இங்கே நிலைக்க வைத்தவர் மீன் வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன், அது 1900களின் தொடக்கம். அவலாஞ்சியில் மீன்வளத்துறையின் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. ஓடைகள் பெரும்பாலும் வனத்துக்குள் ஓடுவதால் மீன்வளத்துறை, வனத்துறை இரண்டிடமும் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலோடு நுழையும் எண்ணமே வேண்டாம்.

சாமான் அதிகம் தேவையில்லை. ஏழு அல்லது ஏழரை அடி ராடு, நம்பர் 4 மிதக்கும் லைன் (நம்பர் என்பது லைனின் கன அளவு), அதன் நுனியில் ஏழடி லீடர் என்கிற மெல்லிய இணைப்பு நரம்பு, கடைசியில் 5எக்ஸ் டிப்பெட், அதாவது 0.15 மில்லிமீட்டர் நரம்பு. ஃப்ளையில் 14, 16 நம்பர் கொக்கிகள் (நம்பர் ஏற ஏற கொக்கி சிறுத்துக்கொண்டே போகும்). ஆடம்ஸ் என்கிற மிதக்கும் ஃப்ளை நான்கு, ஃபெசன்ட் டெயில் என்கிற மூழ்கும் ஃப்ளை நான்கு வைத்துக்கொண்டால் ஆரம்பத்துக்கு ஏராளம். நீங்களே கட்டுவதானால் நாட்டுச் சேவலின் கழுத்து இறகு நன்றாக வரும். நம் சாம்பல் காட்டுக்கோழியின் புள்ளி இறகுக்கு ஒரு காலத்தில் வெளிநாட்டு ஃப்ளை கட்டுகிறவர்கள் உயிரை விட்டார்கள். அந்தப் பறவையை வேட்டையாடுவது குற்றம், இறகு எங்கே கிடைத்தாலும் தொடாதீர்கள். கொக்கி நுனியில் பின்னோக்கி நிற்கும் முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள்.

வீசுவதை வீட்டு முன்னால் இருக்கும் புல்லில் பழகுங்கள். கொக்கிக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூல் கட்டிக்கொள்ளுங்கள். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஃப்ளைக்குக் கனமே கிடையாது, லைனின் கனம்தான் அதைச் சுமக்கிறது. அதனால் ராடைப் பின்னால் கொண்டுபோய், காதுக்குச் சற்றுப் பின்னே சட்டென்று நிறுத்தி, லைன் பின்னால் முழுசாக நீளும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் முன்னால். அவசரப்பட்டால் சாட்டை சொடுக்கியதுபோல் சத்தம் கேட்கும், நுனி நூல் பிய்ந்துவிடும். தோளை விடுங்கள், முழங்கைக்குக் கீழே மட்டும் வேலை.

பின்னால் மரம் இருக்கும் இடத்தில் இது செல்லாது. அங்கே ரோல் வீச்சு: தண்ணீர்மேல் கிடக்கும் லைனை மெதுவாக இழுத்து, ராடு நுனி தோளுக்குப் பின்னே வந்ததும் நிறுத்தி, லைன் வயிறுபோல் வளைந்து தொங்கியதும் முன்னால் அழுத்தமாக ஒரு தள்ளு. லைனைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால்தான் இது உருளும், ஆகவே புல்லில் சரியாக வராது, குளத்தங்கரைக்குப் போங்கள்.

இனி ஓடை. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்த மாமா, கரைக்கு வந்தால் முதலில் ராடைக் கீழே வைக்கச் சொல்வார். "தண்ணியப் பாரு மாப்ளே, மீனு தானா தெரியும்." டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். இரை மேலிருந்து மிதந்து வரும், அது வேகத் தண்ணீரில் சக்தியை வீணாக்காமல் ஓரத்து மெதுநீரில் காத்திருக்கும். பாறைக்கு முன்னும் பின்னும், அரித்துப்போன கரைக்கு அடியில், வேகநீர் ஆழத்தில் விழுகிற இடத்தில் தேடுங்கள். நுரை கோடு போட்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் பூச்சியும் போகும். ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள், அடியில் ஒட்டியிருக்கும் பூச்சியின் அளவுக்கும் நிறத்துக்கும் ஏற்ற ஃப்ளையைக் கட்டுங்கள். கல்லைத் திரும்ப அப்படியே வையுங்கள்.

மீன் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்பதால் நீங்கள் ஓடையின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்பக்கமாக ஏறிவர வேண்டும். குனிந்து, நிழல் தண்ணீரில் விழாமல். சிவப்பு, மஞ்சள் ஜெர்கின் வேண்டாம். கீழே இருக்கும் இடத்தில் முதலில் போடுங்கள், அப்புறம் நடு, கடைசியில் மேல்முனை. மேல்முனை மீனுக்கு ஆசைப்பட்டு முதலிலேயே அங்கே வீசினால், கீழே நின்ற மீன் தெறித்தோடி மொத்தப் பள்ளத்தையும் எழுப்பிவிடும்.

ஃப்ளை விழுந்ததும் அது சும்மா மிதந்து வர வேண்டும். கயிறு கட்டாத இலை எப்படி வருமோ அப்படி. நடுவில் ஓடும் வேகநீர் லைனைப் பிடித்து இழுத்தால் ஃப்ளை பின்னால் கோடு கிழித்துக்கொண்டு போகும். டிரவுட் அதைத் தொடவே தொடாது. அதனால் லைன் விழுந்த உடனே ராடு நுனியைத் தூக்கி, லைனின் நடுப்பகுதியை ஓடையின் மேல்பக்கமாகப் புரட்டிப் போடுங்கள். உங்களை நோக்கி வரும் தளர்ச்சியை இடது கையால் இழுத்துக்கொண்டே இருங்கள். தூரம் குறையக் குறைய இதெல்லாம் சுலபம். மொன்டானாவின் பெரிய ஆற்றிலும் கைதேர்ந்தவர்கள் ஆற்றை மொத்தமாகப் பார்ப்பதில்லை, பக்கத்துப் பக்கத்தில் ஓடும் பல ஓடைகளாகப் பிரித்துத்தான் பார்க்கிறார்கள்.

மீன் எடுத்தால் ராடை மேலே தூக்கினால் போதும், பிடுங்க வேண்டாம். ராடு வளைந்தே இருக்கட்டும், ஓட நினைத்தால் ஓட விடுங்கள், ஆனால் நீண்ட நேரம் விளையாட வேண்டாம். வைத்துக்கொள்ளப் போவதில்லை என்றால் ஈரக்கையால் பிடித்து, தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, அது தானாக நழுவும்வரை தாங்குங்கள். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடாகும் மதியத்தில் பிடித்துத் திரும்ப விட்டாலும் மீன் பிழைப்பது கஷ்டம். அப்போது தூண்டிலைச் சுருட்டுங்கள்.

தென்மேற்குப் பருவமழையில் போகவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மழை இல்லாத நாளிலும் மின்வாரிய அணைகளுக்குக் கீழே தண்ணீர் திடீரென்று ஏறலாம். இறங்கும்போதே தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லைக் குறித்துவையுங்கள், அது நனைந்தால் உடனே கரை. காட்டெருமை நின்றால் ஓடை அதற்குத்தான். அட்டைக்கு உப்புத்துணி கட்டிக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கையோடு லைனைத் தொடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஃப்ளைப் பெட்டியைத் திறந்து உலர வையுங்கள். ஊட்டி ஈரத்தில் மூடிய பெட்டிக்குள் கொக்கி துருப்பிடித்துவிடும்.