வெல்டிங் செட்டிங்: டாப்சிஸ் கணக்கில் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறைகளில் 6 மி.மீ. மைல்டு ஸ்டீல் பிளேட்டுக்கு மிக் வெல்டிங்கில் ஃபில்லெட் (இரண்டு பிளேட் சேரும் மூலையில் போடும் வெல்டு) போடுபவர்களுக்குத் தெரிந்த இழுபறி இது: கரன்ட்டை ஏற்றினால் வேர்வரை உருகும், ஆனால் ஸ்பாட்டர் (உருகிய உலோகத் துளிகள்) தெறிக்கும், பிளேட் நெளியும். இறக்கினால் மேலே அழகாக இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. இப்படி முரண்படும் தேவைகளுக்கு நடுவே தேர்ந்தெடுக்க ஹ்வாங், யூன் இருவரும் 1981இல் தந்த முறைதான் டாப்சிஸ். எக்ஸெல் போதும்.

முதலில் சோதனைத் துண்டுகள். 1.2 மி.மீ. வயர், நிமிடத்துக்கு 15 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு, 15 மி.மீ. ஸ்டிக் அவுட் (டார்ச் முனைக்கு வெளியே நீளும் வயர்), நிமிடத்துக்கு 350 மி.மீ. வேகம், இவற்றை மாற்றாதீர்கள். செட்டிங்குக்கு மூன்று துண்டாவது வேண்டும். ஃபேனை அணைத்துவிடுங்கள், காற்று கேஸைக் கலைத்தால் வெல்டில் துளை விழும், அளவும் கெடும்.

துண்டை நடுவில் அறுத்து, 600 எமரி வரை தேய்த்து, 5 சதவீத நைட்டால் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) தடவினால் ஊடுருவல், அதாவது வெல்டு உள்ளே இறங்கிய ஆழம், தெரியும். ஸ்பாட்டரைச் சுரண்டி எடை போடுங்கள். வெப்பத்துக்கு: வோல்ட் × ஆம்பியர் × 60 × 0.8 ÷ (1000 × வேகம்). ஆர்க் எரியும்போது மீட்டர் காட்டுவதையே எழுதுங்கள், நாப் காட்டுவதை அல்ல.

கணக்கு விளங்க மூன்று செட்டிங்:

அ: 180 ஆம்பியர், 22 வோல்ட்; ஊடுருவல் 1.6 மி.மீ., ஸ்பாட்டர் 2 கிராம், வெப்பம் 0.54 கி.ஜூ./மி.மீ.
ஆ: 210, 24, 2.4, 3, 0.69
இ: 240, 27, 3.0, 5, 0.89

ஊடுருவலுக்கு 0.5, ஸ்பாட்டருக்கு 0.2, வெப்பத்துக்கு 0.3 என எடை, அதாவது எது எவ்வளவு முக்கியம் என்ற எண், கொடுங்கள். ஊடுருவல், ஸ்பாட்டர், வெப்பம் என ஒவ்வொரு பத்தியிலும் எண்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, அதனால் எண்களை வகுத்து, எடையால் பெருக்குங்கள். ஊடுருவலில் பெரியதும் மற்ற இரண்டில் சிறியதும் சிறந்த புள்ளி. எதிர்ப்பக்கம் மோசமான புள்ளி. இதைத் தலைகீழாக எழுதிவிட்டால் அதிகம் தெறிக்கும் செட்டிங்குக்கு மதிப்பெண் கூடிவிடும். ஒவ்வொரு செட்டிங்குக்கும் இரண்டு புள்ளிகளிலிருந்தும் உள்ள தூரத்தை எடுங்கள் (வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம்). மோசமான புள்ளியிலிருந்து உள்ள தூரத்தை இரண்டு தூரங்களின் கூட்டலால் வகுத்தால் மதிப்பெண்: அ 0.43, ஆ 0.59, இ 0.57.

ஆ ஜெயித்தது என்று இங்கேயே நிறுத்தக் கூடாது. எடைகளை 0.6, 0.15, 0.25 என மாற்றிப் பாருங்கள்: ஆ 0.58, இ 0.67. முதலிடம் கைமாறிவிட்டது. அதனால் எடையை மதிப்பெண் பார்க்கும் முன்பே வெல்டர், குவாலிட்டி இருவரும் உட்கார்ந்து முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. டாப்சிஸ் ஒரு குறையை இன்னொரு நிறையால் ஈடுகட்டிவிடும். பிடிக்காத வெல்டுக்கு ஸ்பாட்டர் குறைவு எப்படி ஈடாகும்? டிராயிங் கேட்கும் குறைந்தபட்ச ஊடுருவல் 2 மி.மீ. என்றால் அ கணக்குக்குள்ளேயே வரக் கூடாது. அதை நீக்கிய பின் மீதியை மட்டும் வைத்துப் புதிதாகக் கணக்கிடுங்கள். ஒன்றை எடுத்தால் மற்றவற்றின் மதிப்பெண்ணும் மாறும்.

கேஸை ஆர்கான் கலவைக்கு மாற்றினாலோ வயர் அளவை மாற்றினாலோ இந்த அட்டவணை செல்லாது. துண்டு வெட்டுவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.