ஆண்கள் ரோலர் டெர்பி: முதல் பயிற்சியிலிருந்து முதல் ஸ்க்ரிமேஜ் (பயிற்சி ஆட்டம்) வரை

ரோலர் டெர்பியில் பந்து கிடையாது. நீள்வட்டத் தளத்தில், காலுக்கு நாலு சக்கரம் கொண்ட ஸ்கேட் மாட்டிய இரண்டு அணிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். அணிக்கு ஐந்து பேர். ஹெல்மெட் மேல் நட்சத்திர உறை போட்டவர் ஜாமர், மற்ற நால்வரும் பிளாக்கர்கள். ஜாமர் மட்டும்தான் புள்ளி எடுப்பார். முதல் முறை பிளாக்கர் கூட்டத்தைத் தாண்டி வெளியே வருவதற்குப் புள்ளி இல்லை. ஒரு சுற்று வந்து மறுபடி உள்ளே நுழைந்த பிறகு, தாண்டுகிற ஒவ்வோர் எதிரணி பிளாக்கருக்கும் ஒரு புள்ளி.

கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். பாடி வருகிறவர் மாதிரிதான் ஜாமர். ஆனால் இங்கே இரண்டு அணியிலிருந்தும் ஒரே நேரத்தில் பாடி வருவார்கள். அதனால் பிளாக்கருக்கு எப்போதும் இரட்டை வேலை: எதிரணி ஜாமரை மறிக்க வேண்டும், அதே நொடியில் தன் ஜாமருக்கு வழியும் திறந்துவிட வேண்டும்.

நான் ஆடுவது இங்கிலாந்தில். இங்கே சொல்வதெல்லாம் இங்குள்ள உள்ளூர் அமெச்சூர் அணிகளின் பயிற்சி முறை. யாருக்கும் சம்பளம் கிடையாது. சந்தா கட்டி, விளையாட்டுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து, தரையில் தளக் கோடுகளுக்கு நாமே டேப் ஒட்டி ஆடுகிறோம். புதிதாக வருகிற ஆண்களில் பலர் தோள் வலுவை நம்பி வருகிறார்கள். தோள் கடைசியில்தான் உதவும். தாழ்ந்து நிற்பது, நிறுத்துவது, பக்கத்தில் இருப்பவனை விட்டு விலகாமல் இருப்பது, இந்த மூன்றையும் முதலில் பழகுகிறவர்தான் சீக்கிரம் ஆட்டக்காரர் ஆகிறார். அதனால் இந்த விளக்கத்தையும் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. அணியைத் தேடும் முன் கொஞ்சம் வரலாறு

இந்த விளையாட்டை 1935-ல் சிகாகோவில் லியோ செல்ட்சர் தொடங்கினார். அப்போது ஆண்களும் பெண்களும் ஆடினார்கள். பல காலம் தொலைக்காட்சியில் புகழோடு இருந்து, பிறகு மங்கிப்போனது. 2000-களின் தொடக்கத்தில் டெக்சஸின் ஆஸ்டின் நகரப் பெண்கள்தான் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். சாய்வு மேடை இல்லாமல் சமதளத்தில் ஆடும் முறையும், ஆட்டக்காரர்களே அணியை நடத்தும் வழக்கமும் அந்த அலையில் வேரூன்றியவை. ஆண்கள் அணிகள் அதன் பிறகு வந்தன. அமெரிக்காவில் 2007-ல் அவை ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. அதுதான் இன்றைய எம்.ஆர்.டி.ஏ., அதாவது ஆண்கள் ரோலர் டெர்பி சங்கம். ஆண்களுக்கான முதல் உலகக் கோப்பை 2014-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் நடந்தது. அமெரிக்கா வென்றது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் ஆடும் விதிகள் பெண்களின் டெர்பி சங்கம் எழுதியவை. பல ஊர்களில் உங்களுக்கு முதல் பாடம் சொல்லித்தரப்போவதும் பெண்கள் அணியின் ஆட்டக்காரர்தான். அவர் உங்களைவிட முப்பது கிலோ குறைவாக இருக்கலாம். முதல் நாளே உங்களைத் தளத்துக்கு வெளியே தள்ளிவிடுவார். அவரிடம் மரியாதையாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்கள் சங்கம் என்று பெயர் இருந்தாலும் திருநர்களுக்கும் இருபாலில் அடங்காதவர்களுக்கும் அதில் இடம் உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

2. சாமான்கள்

ஸ்கேட், ஹெல்மெட், மவுத் கார்டு, முழங்கை பேட், ரிஸ்ட் கார்டு, முழங்கால் பேட். இவை இல்லாமல் யாரையும் தளத்தில் இறங்க விடமாட்டார்கள். ஆண்கள் இடுப்புக்குக் கீழே கப் அணிவது நல்லது. வால் எலும்புக்குப் பஞ்சு வைத்த ஷார்ட்ஸும் முதல் சில மாதங்களுக்கு நிம்மதி தரும். பல அணிகளில் புதியவர்களுக்கு இரவல் சாமான்கள் இருக்கும். முதலில் அதில் பழகிப் பாருங்கள்.

காசு குறைவாக இருந்தால் எதில் செலவழிப்பது? என்னைக் கேட்டால் முழங்கால் பேடில். ஸ்கேட் பழையதாக இருக்கலாம், முழங்கால் பேட் மெலிதாக இருக்கவே கூடாது. ஒவ்வொரு பயிற்சியிலும் முழு உடல் எடையும் அதன்மேல்தான் விழப்போகிறது. ஹெல்மெட்டை யாரிடமும் பழசாக வாங்காதீர்கள். அது எத்தனை அடி வாங்கியிருக்கிறது என்று வெளியே பார்த்தால் தெரியாது. ஐரோப்பாவில் இ.என். 1078 தரமுத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மவுத் கார்டை வெந்நீரில் போட்டு இளக்கி, கடித்து, உங்கள் பல்லுக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டு வரலாம். அதைப் போட்டுக்கொண்டே பேசவும் தண்ணீர் குடிக்கவும் பழகுங்கள்.

சக்கரத்தின் கடினத்தை ‘ஏ’ அளவில் குறிப்பார்கள். எண் குறைந்தால் மென்மை, பிடிப்பு அதிகம். எண் கூடினால் கடினம், வழுக்கல் அதிகம். உடல் எடை கூடியவர் மென்மையான சக்கரத்தை அழுத்தி மேலும் தட்டையாக்கிவிடுவார். அதனால் 60 கிலோ உள்ள நண்பருக்குச் சரியாக அமைந்த 88ஏ சக்கரம், அதே தரையில் 95 கிலோ உள்ளவருக்குச் சேற்றில் ஓடுவது போலிருக்கும். வாங்கும் முன் உங்கள் எடையுள்ள ஒருவரிடம் கேளுங்கள்.

3. விழுவது

முதல் நாள் முழுக்க விழச் சொல்வார்கள். சலிக்காமல் விழுங்கள்.

ஒற்றை முழங்கால், இரட்டை முழங்கால், பிறகு முழங்காலும் முழங்கையும் சேர்த்து நான்கு புள்ளியில் விழுவது. மூன்றுக்கும் விதி ஒன்றே: முன்பக்கமாக, சிறியதாக, கை கால் பரப்பாமல். பின்னால் சாய்வது ஆபத்து. கால் நழுவுகிறது என்று தோன்றியதும் இடுப்பை இறக்கி ஒரு முழங்காலைத் தரைக்குக் கொடுத்துவிடுங்கள். விரல்களை மடக்கி முஷ்டியாக வைத்துக்கொள்ளுங்கள். விரித்த விரல்மேல் இன்னொருவரின் சக்கரம் ஏறினால் முறியும். விழுந்தவர் கால் நீட்டிக் கிடந்தால் பின்னால் வருகிறவரும் இடறி விழுவார். அதனால் அழகாக விழுவது உங்களுக்காக மட்டும் இல்லை, தளத்தில் இருக்கும் எல்லோருக்காகவும்தான்.

எழும்போது தரையில் கை ஊன்றாமல் எழப் பாருங்கள். முதலில் முடியாது. வீட்டில் ஸ்கேட் இல்லாமல், ஒரு முழங்கால் ஊன்றி எழும் பயிற்சியைத் தினமும் செய்தால் தொடை பழகிவிடும்.

4. தாழ்ந்து நிற்பதும் நிறுத்துவதும்

டெர்பி நிலை என்பது இதுதான்: பாதங்கள் தோள் அகலத்தில், முழங்கால் நன்றாக மடங்கி, இடுப்பு கீழே, மார்பு நிமிர்ந்து, பார்வை முன்னால். நாற்காலியில் உட்காரப் போய்ப் பாதியில் நின்றதாக நினைத்துக்கொள்ளுங்கள். உயரமான ஆண்கள் இடுப்பை இறக்குவதற்குப் பதிலாக முதுகை வளைத்துக் குனிவார்கள். அப்படிக் குனிந்தால் தலை முன்னால் போய்விடும். தலை இடித்தால் பெனால்டி, கழுத்துக்கும் கேடு. பயிற்சியாளர் “கீழே, இன்னும் கீழே” என்று கத்திக்கொண்டே இருப்பார். அவர் சொல்வது சரி. தாழ்ந்து நிற்பவரைச் சாய்க்க இரண்டு மடங்கு வேலை வாங்கும்.

நிறுத்தத்தில் முதலில் பழக வேண்டியது பிளவ் ஸ்டாப். கால்களை அகட்டி, பாதங்களை உள்நோக்கித் திருப்பி, குதிகாலால் வெளியே அழுத்த வேண்டும். தொடையின் உள்பக்கம் எரியும், எரியட்டும். ஜாமர் பின்னாலிருந்து வந்து அழுத்தும்போது அவரை நிறுத்தப்போவது இந்த அழுத்தம்தான். டி ஸ்டாப் (பின்காலைக் குறுக்கே வைத்து இழுத்து நிறுத்துவது), டோ ஸ்டாப் (ஸ்கேட் முனையில் இருக்கும் ரப்பர் கட்டையால் நிறுத்துவது) இரண்டும் அப்புறம் வரும். ஓடிக்கொண்டே பின்பக்கம் திரும்பி இரண்டு டோ ஸ்டாப்பிலும் ஏறி நிற்பது வந்துவிட்டால், ஆட்டத்தின் பாதிக் கதவு திறந்த மாதிரி.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து நிமிடத்தில் 27 சுற்று என்பது நெடுங்காலமாகப் புதியவர்களுக்கு வைக்கும் அளவுகோல். இன்று பல அணிகள் அதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆட்டத்தில் பெரும்பாலான நேரம் பிளாக்கர் ஊர்ந்துகொண்டுதான் இருப்பார். ஆனாலும் வளைவில் காலை மாற்றிப் போடும் கிராஸ்ஓவர் பழக இதைவிட நல்ல வழி இல்லை.

5. இடிப்பது

எதால் இடிக்கலாம்? நெஞ்சு, தோள், மேற்கை, இடுப்பு, மேல்தொடை. முழங்கை, முன்கை, கை, தலை, முழங்கால் கூடாது. எங்கே இடிக்கலாம்? முன்பக்கமும் பக்கவாட்டும். முதுகு, தலை, நடுத்தொடைக்குக் கீழே இடிக்கவே கூடாது. மீறினால் 30 நொடி பெனால்டி நாற்காலியில். ஓர் ஆட்டத்தில் ஏழு பெனால்டி வாங்கினால் வெளியே.

முதலில் இருவர் இருவராக, நின்ற இடத்தில் தோளோடு தோள் சாய்ந்து தள்ளச் சொல்வார்கள். பிறகு மெதுவாக உருண்டபடி. வலு கால்களிலிருந்து எழ வேண்டும்: கீழே இறங்கி, எதிராளிக்கு முன்னால் இடம் பிடித்து, மேல்நோக்கி அழுத்துவது. தூரத்திலிருந்து ஓடி வந்து மோதுவது பார்க்கப் பிரமாதமாக இருக்கும், பெரும்பாலும் வீண். எதிராளி அரை அடி விலகினால் நீங்கள் தளத்துக்கு வெளியே போய் விழுவீர்கள்.

பயிற்சியில் இடிக்கும் முன் கேளுங்கள்: “எவ்வளவு வேகம் சரி?” பத்தில் ஐந்து என்று அவர் சொன்னால் ஐந்துதான். கலப்புப் பயிற்சியில் இது இன்னும் முக்கியம். எடை கூடிய ஆண் முழு வலுவோடு மோதினால் எதிரே இருப்பவர் கற்றுக்கொள்ள முடியாது, காயப்பட மட்டும்தான் முடியும்.

6. சுவர்

எனக்கு இந்த விளையாட்டின் மேல் இவ்வளவு ஆசை வர இதுதான் காரணம். மூன்று பிளாக்கர்கள் சேர்ந்து அமைக்கும் முக்கோணத்தை டிரைபாட் என்பார்கள். இருவர் ஜாமருக்கு முதுகைக் காட்டி, இடுப்போடு இடுப்பு ஒட்டி நிற்பார்கள். மூன்றாமவர் பிரேஸ். அவர் இருவருக்கும் முன்னால், பின்பக்கம் திரும்பி நின்று, இருவரின் தோளையும் பிடித்துக்கொண்டு ஜாமரைப் பார்ப்பார். முதுகு காட்டி நிற்பவர்களுக்கு அவர்தான் கண். “உள்ளே! உள்ளே! வெளியே!” என்று அவர் சொல்லச் சொல்ல மூவரும் ஒரே உடம்பாக நகர வேண்டும். ஜாமர் ஓரக்கோட்டில் நுழையப் பார்த்தால் அந்தப் பக்கத்தவர் அவரைக் கோட்டுக்குத் தள்ள வேண்டும், மற்ற இருவரும் இடைவெளியை அடைக்க வேண்டும்.

இதைப் பழக எளிய வழி: மூவர் சுவர், ஒரு ஜாமர், அரை நிமிடம். பிறகு ஆள் மாற்றுவது. புதியவர்களைத் தயங்காமல் பிரேஸாக நிறுத்துங்கள், பேசப் பழகுவார்கள். மௌனமான சுவர் உடையும். ஜாமரை வெளியே தள்ளியதும் ஒரு தந்திரம் உண்டு. தள்ளியவருக்குப் பின்னால்தான் அவர் மறுபடி உள்ளே வர முடியும். ஆகவே தள்ளியவர் டோ ஸ்டாப்பில் பின்னோக்கி ஓட ஓட, ஜாமரும் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் மிதமிஞ்சிப் போகக் கூடாது. இரண்டு அணி பிளாக்கர்களும் பத்தடிக்குள் கூடியிருப்பதுதான் பேக். அதிலிருந்து இருபதடிக்கு மேல் விலகியவர் யாரையும் தடுக்கக் கூடாது.

தனியாகப் போய் ஜாமரை அடித்து வீழ்த்த வேண்டும் என்ற ஆசை எல்லா ஆண்களுக்கும் வரும். அப்படி ஒருவர் போனால் சுவரில் ஓட்டை விழும், ஜாமர் அந்த ஓட்டை வழியே போய்விடுவார். ஒட்டி நில்லுங்கள்.

7. முதல் ஸ்க்ரிமேஜ்

முழு ஆட்டம் 30 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஒவ்வொரு ஜாமும், அதாவது ஜாமர்கள் புள்ளிக்காகப் பாயும் ஒவ்வொரு சிறு ஆட்டமும், அதிகபட்சம் இரண்டு நிமிடம், நடுவே 30 நொடி இடைவெளி. கூட்டத்தை முதலில் விதிப்படி தாண்டுகிற ஜாமர் லீட் ஜாமர். அவர் இரண்டு கைகளாலும் இடுப்பைத் தட்டினால் ஜாம் அங்கேயே முடியும். விசில்களைக் காதில் பதித்துக்கொள்ளுங்கள்: இரண்டு குட்டி விசில் வந்தால் லீட் கிடைத்துவிட்டது, நீண்ட ஒற்றை விசில் பெனால்டி, வேகமாக நாலு விசில் ஜாம் முடிவு.

முதல் ஸ்க்ரிமேஜுக்கு முன் ஒரு நாளாவது ஆட்டம் ஆடாத அலுவலராக வேலை செய்யுங்கள். பெனால்டி நாற்காலியில் ஸ்டாப்வாட்ச் பிடித்தாலே யார் எதற்காக வந்து உட்காருகிறார்கள் என்பது புரியும். எந்த விதிப்புத்தகமும் அவ்வளவு சீக்கிரம் விதியைக் கற்றுத்தராது.

களத்தில் இறங்கியதும் உங்களுக்கு ஒரே வேலை. உங்கள் இணையின் இடுப்பைத் தேடி ஒட்டிக்கொள்ளுங்கள். ஜாமர் எங்கே என்று பிரேஸ் சொல்வார். பெனால்டி என்று உங்கள் சட்டையின் நிறமும் எண்ணும் கேட்டால் வாதாடாமல் உடனே வெளியே போங்கள்.

8. வீட்டுக்குப் போன பிறகு

பாதத்தின் நடுவே தசை பிடித்தால் லேஸை மிக இறுக்கிக் கட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். தலையில் அடிபட்டு மயக்கமோ குமட்டலோ இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அவர் சொல்லும் வரை ஸ்கேட்டைத் தொடாதீர்கள். பேட்களைப் பையிலேயே விட்டால் மறுநாள் அந்த அறைக்குள் போக முடியாது. எல்லாவற்றையும் எடுத்துக் காற்றாட விரித்துவிடுங்கள். எட்டுச் சக்கரத்தின் நட்டுகளையும் டோ ஸ்டாப்பையும் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடுகிறதென்றால் இப்போதே முடுக்கிவிடுங்கள். அடுத்த பயிற்சிக்கு அரை மணி முன்னால் போனால் டேப் ஒட்ட ஒரு கை கூடும்.