துய்மா வீதியை டூமாஸ் ஆக்காதீர்கள்: புதுச்சேரியில் பிரெஞ்சு தேடுவோர் செய்யும் தவறுகள்

புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் நீலப் பலகை மாட்டியிருப்பார்கள். பிரெஞ்சிலும் தமிழிலும் தெருப்பெயர் இருக்கும். பிரெஞ்சு எழுத்தை ஆங்கிலம்போலப் படித்து, ‘டூமாஸ் ஸ்ட்ரீட் எங்கே?’ என்று ஆட்டோக்காரரைக் கேட்கிறவர்கள் ஏராளம். அதே பலகையில் ‘துய்மா வீதி’ என்று தமிழில் எழுதியிருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. பிரெஞ்சுக்காரர் வாயில் அந்தப் பெயர் எப்படி வருமோ, ஏறக்குறைய அப்படியே நம் எழுத்தில் இருக்கிறது. கடைசியில் ‘ஸ்’ கிடையாது. ‘உய்’ என்று நம்மவர்கள் பிடித்து வைத்திருப்பது, உதட்டை ‘ஊ’வுக்குக் குவித்துக்கொண்டு நாக்கால் ‘ஈ’ சொல்கிற ஒலி. சுய்ப்ரேன் வீதியும் அப்படித்தான்.

தமிழ் வழியாகவே போகக்கூடிய இடத்துக்கு ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போவது. இங்கே பிரெஞ்சை அனுபவிக்க வருகிறவர்களின் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கிறது.

உச்சரிப்பைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ப, க சொல்லும்போது மூச்சு ‘புஸ்’ஸென்று வெளியேறும். பிரெஞ்சில் அது இல்லை, தமிழிலும் இல்லை. ஆங்கில ‘ட’வை மறந்துவிட்டு நம் ‘த’வைப் போட்டாலே பிரெஞ்சின் ‘த’ வந்துவிடும். மூக்கொலி வராது என்று வகுப்பில் தலையில் கைவைக்கிறவர்கள் இன்னும் வேடிக்கை. நாம் பேச்சில் ‘மரம்’ என்பதன் கடைசி ‘ம்’மைச் சொல்வதே இல்லை, உயிரெழுத்தை மூக்கில் ஏற்றி விட்டுவிடுகிறோம். ‘போன்ழூர்’ வணக்கத்தில் வரும் ‘போன்’ கிட்டத்தட்ட அந்த ஒலிதான். ‘அவன்’ என்பதைப் பேச்சில் சொல்லிப் பாருங்கள், அதன் வால் பிரெஞ்சில் ஒயினைக் குறிக்கும் சொல்லின் பக்கத்தில் போய் நிற்கும்.

நீ, நீங்கள் என்ற பிரிவு இரண்டு மொழியிலும் உண்டு. ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் இதில் தடுமாறுவார்கள், நமக்கு எளிது. ஆனால் அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது. நம் ‘நீங்கள்’ பெரும்பாலும் வயதுக்குக் கொடுக்கும் மரியாதை. அவர்களுடைய ‘வூ’ பழக்கமில்லாதவரிடம் வைக்கும் தூரம். பிரெஞ்சில் பேரப்பிள்ளை தாத்தாவை ‘நீ’ என்றே அழைக்கும், கடையில் நிற்கும் இருபது வயதுப் பையனுக்கு ‘நீங்கள்’ போட வேண்டும். அந்தக் கடைக்குள் நுழைந்ததும் ‘இது எவ்வளவு?’ என்று ஆரம்பிப்பதும் தவறு. முதலில் ‘போன்ழூர்’, பிறகுதான் விலை. விலை காதில் விழும்போது இன்னொரு அதிர்ச்சி: 80 என்பது ‘நாலு இருபது’, 90 என்பது ‘நாலு இருபது பத்து’. சிரிக்க வேண்டாம், எண்பதைத் தாண்டியதும் ‘தொண்ணூறு’ என்று நூறைக் கூப்பிடுகிற நாம் மட்டும் யோக்கியமா?

(சுய்ப்ரேன் வீதியில், பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. 1889இல் தொடங்கியது. வகுப்பில் சேருங்கள், ஆனால் வகுப்பு முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். நூலகத்திலும் படக்காட்சியிலும்தான் பேச்சு நடக்கும்.)

அடுத்த தவறு, பிரெஞ்சு என்றால் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் என்று எண்ணி, பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டும் படம் எடுத்துவிட்டுத் திரும்புவது. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்களில் பல வாய்க்காலுக்கு மேற்கே, தமிழ்ப் பெயர்களோடும் தமிழ்ப் பேச்சோடும் இருக்கின்றன. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், அதுவரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதிகளின் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. அப்போது, விரும்பினால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடரலாம் என்று ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அன்று எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் பிரான்சின் அதிபர் தேர்தலுக்கு இங்கேயே வரிசையில் நின்று வாக்களிக்கிறார்கள். வரிசையில் கேட்பது பெரும்பாலும் தமிழ்தான்.

சாப்பாட்டில் செய்யும் தவறு, குருவாசானோடு நிறுத்திக்கொள்வது. வெண்ணெய் மடித்துச் சுட்ட அந்தப் பண்டத்தை எந்தப் பெரிய ஊரிலும் தின்னலாம். புதுச்சேரிக்கென்று உள்ளது வேறு. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், உளுந்து எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, மொட்டை மாடியில் காயவைக்கும் நம் வடகம்தான் பிரெஞ்சுச் சமையல்காரர்களிடம் ‘வதுவான்’ ஆயிற்று. அதைப் பாரிசு நகரத்துப் பொடி என்று விலை கொடுத்து வாங்குகிறவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பிரெஞ்சு ஆட்சியில் சைகோனுக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது ‘சாயோ’வைக் கொண்டுவந்தார்கள். அது வியத்நாம் சுருள், உள்ளே இறைச்சியும் கண்ணாடிச் சேமியாவும் இருக்கும். கிறிஸ்துமசுக்கு ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறிய பழங்களும் சேர்த்து விவிக்கம் கேக் செய்வார்கள். இவை உணவகப் பட்டியலில் அரிதாகத்தான் வரும், வீட்டுப் பண்டங்கள். யார் வீட்டிலாவது விருந்துக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். மேசையில் ரொட்டியைக் கத்தியால் அறுக்காமல் கையால் பிய்த்துச் சாப்பிடுங்கள். பால் காப்பியைக் காலையோடு முடித்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டுக்குப் பின் அவர்கள் குடிப்பது கறுப்புக் காப்பி.

ஜூலை 14க்கு ‘பாஸ்டில் டே’ என்று வாழ்த்துச் சொல்வது சின்னத் தவறு. அது ஆங்கிலேயர் வைத்த பெயர். பிரெஞ்சில் ‘ஜூலை பதினாலு’ என்றுதான் சொல்வார்கள். 1789இல் பாஸ்தீய் சிறை விழுந்த நாள், 1880 முதல் தேசிய விழா. இதை வேடிக்கைக் கண்காட்சியாகப் பார்ப்பதுதான் பெரிய தவறு. கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போரில் இறந்த புதுச்சேரிக்காரர்களுக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது. அங்கே மலர்வளையம் வைத்து இரண்டு நாட்டுப் பண்ணும் இசைக்கும்போது, நெஞ்சில் பதக்கம் குத்திக்கொண்டு நிற்கும் முதியவர்களை ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். பிரெஞ்சுப் படையில் சேவை செய்து, அங்கிருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். அவர்கள் முன்னால் முதுகைத் திருப்பிச் செல்பி எடுக்காதீர்கள். கூட்டம் கலையட்டும். பிறகு பக்கத்தில் போய், ‘ஐயா, எந்த ஊர்ல சர்வீஸ் பண்ணீங்க?’ என்று தமிழிலேயே கேளுங்கள்.