யெஸ்டியின் வெண்புகை

பணி ஓய்வுக்குப் பின், பாளையங்கோட்டை வீட்டில் முடங்கிக் கிடந்த யெஸ்டி 250 மோட்டார் சைக்கிளை, முழங்கால் வலியுள்ள நான் நிமிர்ந்து அமர்ந்து ஓட்டுவதற்கு ஏற்ப, ஹேண்டில்பாரை உயர்த்தியும் சீட்டை அகலமாகத் தைத்தும் மாற்றியமைத்தேன். அவை எளிதாக முடிந்தன; என்ஜின்தான் பாடாய்ப் படுத்தியது.

வண்டி கிளம்பிய சற்று நேரத்தில் இரண்டு சைலன்சர்களிலும் வெண்புகை மண்டியது. பிளக் எண்ணெயில் நனைந்திருந்தது. டூ-ஸ்ட்ரோக் என்ஜின் என்பதால் பெட்ரோலில் கலக்கும் ஆயிலைக் குறைத்தால் போதும் என்றார் ஒரு மெக்கானிக். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏனெனில் கியர் பாக்ஸ் ஆயில், வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல், குறைந்துகொண்டே வந்தது. இந்த வண்டியில் கிளட்சும், என்ஜின் சுழற்சியை அதற்குக் கடத்தும் பிரைமரி செயினும் அதே ஆயிலில்தான் ஓடுகின்றன. அந்த அறையையும் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையையும் பிரிக்கும் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டால், பிஸ்டன் மேலேறும்போது உண்டாகும் உறிஞ்சலில் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு எரிந்துவிடுகிறது.

இடப்பக்க மூடியைத் திறந்து, கிளட்சையும் செயினையும் எடுத்து, செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டைப் புல்லர் என்ற கருவி வைத்து இழுத்தபின் சீல் தெரிந்தது. அதன் விளிம்பு, நகத்தால் அழுத்தினாலும் வளையாமல், பனையோலை போல் விறைத்திருந்தது. மைசூர் ஆலையில் உற்பத்தி 1996-இல் நின்றுபோனாலும் சீல் கிடைப்பதில் சிரமமில்லை. புதியதன் விளிம்பில் ஆயில் தடவி, ஒரு பக்கம் சாயாதபடி சீராக அழுத்திப் பொருத்தினேன்.

சைலன்சருக்குள் தேங்கிய பழைய ஆயில் எரிந்து தீரும்வரை புகை வந்தது. அது கண்டு பதற வேண்டியதில்லை. பாபநாசம் போய்த் திரும்பியபின் பார்த்தபோது கியர் ஆயில் குறையவில்லை.