பூனைக்கும் நாய்க்கும் இன்சுலின் சிரிஞ்ச்: தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

நீரிழிவு உள்ள பூனைக்கோ நாய்க்கோ வீட்டிலேயே இன்சுலின் போடத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர், ஊசியைக் குத்த வேண்டுமே என்பதை நினைத்துத்தான் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் கொஞ்ச நாளில் விலகிவிடும். இன்சுலின் ஊசி அவ்வளவு மெல்லியது, பல விலங்குகள் அது ஏறியதையே பொருட்படுத்துவதில்லை. உண்மையில் கவலைப்பட வேண்டியது, குப்பியில் உள்ள மருந்தின் செறிவுக்குப் பொருந்தாத சிரிஞ்சைக் கையில் எடுத்துவிடுவதைப் பற்றித்தான். அந்தப் பிழை வெளியே தெரியாது. சொன்ன கோடு வரை மருந்து ஏறியிருக்கும், காற்றுக் குமிழி இருக்காது, ஊசியும் சரியான இடத்தில் இறங்கியிருக்கும்; உடலுக்குள் போன அளவு மட்டும் தவறாக இருக்கும். ஆகவே சிரிஞ்சைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி முதலில் சற்று விரிவாகவே பார்ப்போம்.

குப்பிக்கு ஏற்ற சிரிஞ்ச்

இன்சுலினை யூனிட் கணக்கில் அளக்கிறோம். யூ-40 என்று அச்சிட்ட குப்பியில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் இன்சுலினும், யூ-100 என்று அச்சிட்ட குப்பியில் ஒரு மில்லி லிட்டருக்கு 100 யூனிட் இன்சுலினும் இருக்கும். சிரிஞ்சின் மேல் உள்ள எண்களும் யூனிட்டையே குறிக்கின்றன என்றாலும், குழல் அளப்பது என்னவோ திரவத்தின் கொள்ளளவைத்தான். யூ-40 சிரிஞ்சில் ஒரு யூனிட் என்பது 0.025 மில்லி லிட்டர்; யூ-100 சிரிஞ்சில் அதே ஒரு யூனிட் 0.01 மில்லி லிட்டர். ஆகையால், எந்தச் செறிவுள்ள மருந்துக்காகக் கோடு போடப்பட்டதோ அந்த மருந்தை ஏற்றும்போது மட்டுமே சிரிஞ்சில் உள்ள எண் உண்மையைச் சொல்லும்.

மருத்துவர் 4 யூனிட் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யூ-40 மருந்தை யூ-100 சிரிஞ்சில் 4 என்ற கோடு வரை ஏற்றினால் உள்ளே இருப்பது 1.6 யூனிட்தான், நாள்தோறும் ஊசி போட்டும் சர்க்கரை குறையவில்லையே என்று குழம்ப வேண்டியதுதான். இதற்கு நேர்மாறாக, யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் 4 வரை ஏற்றினால் 10 யூனிட் போய்விடும். இரண்டரை மடங்கு இன்சுலின் ஒரு பூனையின் உயிரையே பறிக்கக் கூடும். இரண்டு பிழைகளும் தவறுதான் என்றாலும், இரண்டாவதைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்காமலே போகலாம்.

பொதுவாக யூ-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடியும் யூ-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடியும் இருக்கும். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் இந்த இரண்டு நிறங்களும் ஒன்றுபோலத் தோன்றும். எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே நிறத்தைப் பின்பற்றுவார்கள் என்றும் சொல்ல முடியாது. நிறத்தை நம்பாமல், குழலின் மேலும் உறையின் மேலும் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படித்து, அதையே குப்பியின் சீட்டிலும் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கால்நடைகளுக்கென்றே தயாராகும் கேனின்சுலின் (சில நாடுகளில் இதன் பெயர் வெட்சுலின்), புரோசிங்க் ஆகியவை யூ-40. மனிதர்களுக்கான லேண்டஸ் என்ற கிளார்ஜின் இன்சுலின் யூ-100. மனித இன்சுலின் சில நாடுகளில் யூ-40 குப்பியிலும் விற்கப்படுவதால், மனிதர்களுக்கான மருந்து என்றாலே யூ-100 என்று ஊகித்துக்கொள்வது ஆபத்து. பேனா வடிவில் வரும் சில இன்சுலின்கள் யூ-200, யூ-300 என இன்னும் செறிவானவை. அத்தகைய பேனாவுக்குள் சிரிஞ்சைச் செருகி மருந்தை உறிஞ்சவே கூடாது.

இந்த இரட்டை வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1921-இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களிடம் நடத்திய ஆய்வுகளில்தான் இன்சுலின் மருந்தாக உருப்பெற்றது. பின்னர் மனிதர்களுக்கு வெவ்வேறு செறிவுகளில் இன்சுலின் கொடுத்துவந்த நிலை மாறி, 1970-களிலிருந்து பல நாடுகளில் யூ-100 பொது அளவானது. கால்நடை மருந்துகளிலோ யூ-40 நிலைத்துவிட்டது. சிறிய உடலுக்கு அதில் ஒரு வசதியும் இருக்கிறது: ஒரு யூனிட்டுக்கான திரவம் சற்று அதிகமாக இருப்பதால் அளப்பது எளிது.

யூ-40 அளவை 2.5-ஆல் பெருக்கி யூ-100 சிரிஞ்சில் அந்தக் கோடு வரை ஏற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். கணக்கு சரிதான், 2 யூனிட் யூ-40 மருந்து, யூ-100 சிரிஞ்சின் 5-ஆவது கோட்டில் நிற்கும். இருந்தாலும், உங்கள் மருத்துவரே தெளிவாகச் சொல்லி எழுதிக் கொடுத்தாலொழிய இதை வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அதிகாலைத் தூக்கக் கலக்கத்தில் ஊசி போடுபவருக்கும், நீங்கள் ஊரில் இல்லாதபோது பார்த்துக்கொள்ள வருபவருக்கும் பெருக்கல் கணக்கை விட்டுவைக்கக் கூடாது. மருந்துச் சீட்டில் இன்சுலினின் பெயர், செறிவு, சிரிஞ்சின் வகை, யூனிட் கணக்கில் அளவு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். “மூன்று கோடு போடுங்கள்” என்று வாய்மொழியாகச் சொன்னால், அது எத்தனை யூனிட் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்தை மாற்றும் நாளில் வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சிரிஞ்சுகளை அப்போதே அப்புறப்படுத்திவிடுவது நல்லது.

கொள்ளளவும் ஊசியின் நீளமும்

யூ-100 சிரிஞ்சுகள் 0.3, 0.5, 1 மில்லி லிட்டர் கொள்ளளவுகளில் கிடைக்கின்றன. அவை முறையே 30, 50, 100 யூனிட் கொள்ளும். தேவையான அளவு அடங்கும் சிரிஞ்சுகளில் மிகச் சிறியதையே வாங்குங்கள். குழல் குறுகலாக இருந்தால் கோடுகளுக்கு இடையே இடைவெளி கூடும். பூனைகளுக்கு முதலில் ஒன்றிரண்டு யூனிட்டே தரப்படுவது வழக்கம் என்பதால், அரை யூனிட் கோடுகள் உள்ள 0.3 மில்லி சிரிஞ்ச் அவற்றுக்கு ஏற்றது. ஒரு மில்லி சிரிஞ்சுகள் பலவற்றில் ஒரு கோடு 2 யூனிட்டைக் குறிக்கும். இது தெரியாமல் கோடுகளை எண்ணினால் அளவு இருமடங்காகிவிடும். புதிய பெட்டியைப் பிரித்ததும், ஒரு கோட்டுக்கு எத்தனை யூனிட் என்பதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஊசியின் தடிமனைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள். எண் கூடக் கூட ஊசி மெலியும். இன்சுலின் ஊசிகள் பெரும்பாலும் 28 முதல் 31 கேஜ் வரை இருக்கும். நீளத்தில் 8 மில்லி மீட்டரும் 12.7 மில்லி மீட்டரும் பரவலாகக் கிடைக்கின்றன. மெல்லிய, குட்டையான ஊசியே நல்லது என்று பலரும் நினைப்பார்கள். அடர்ந்த முடியுள்ள நாய்க்குக் குட்டை ஊசி சில சமயம் தோலுக்குள் போதிய ஆழம் போகாமல் மருந்து முடியிலேயே தங்கிவிடும். அத்தகைய விலங்குகளுக்கு 12.7 மில்லி மீட்டர் ஊசிதான் நம்பகமானது. குட்டை முடியுள்ள பூனைக்கு 8 மில்லி மீட்டர் போதும். ஊசி குழலோடு இணைந்தே வரும் சிரிஞ்சை வாங்குங்கள். கழற்றி மாட்டும் ஊசியில் மருந்து கொஞ்சம் தேங்கிவிடும், யூனிட் அளவில் அந்தக் கொஞ்சமும் பெரிதுதான்.

மருந்தை ஏற்றுதல்

குப்பியை உறைநிலைப் பெட்டியில் வைக்காமல், குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வையுங்கள். ஒருமுறை உறைந்துபோன இன்சுலின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயன்படாது. கலக்கும் முறை மருந்துக்கு மருந்து மாறும். புரோசிங்க் போன்ற பால் நிற மருந்துகளை உள்ளங்கைகளுக்கு இடையே மெதுவாக உருட்ட வேண்டும். வெட்சுலினை மட்டும் ஒரே சீரான வெண்மை வரும்வரை நன்றாகக் குலுக்கச் சொல்கிறது அதன் குறிப்புத்தாள். கிளார்ஜின் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கியிருந்தால் தூக்கிப்போட வேண்டும். திறந்த குப்பியை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதையும் அந்தந்தக் குறிப்புத்தாளே சொல்லும். திறந்த தேதியைக் குப்பியின் மேலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

போட வேண்டிய அளவுக்குச் சமமான காற்றைச் சிரிஞ்சில் இழுத்து, குப்பிக்குள் செலுத்திய பின், ஊசியை வெளியே எடுக்காமலே குப்பியைத் தலைகீழாகப் பிடித்து மருந்தை உறிஞ்சுங்கள். தேவைக்கு இரண்டொரு யூனிட் கூடுதலாக இழுத்து, குழலை விரலால் மெல்லத் தட்டி, மேலே வரும் குமிழிகளோடு மிகுதி மருந்தையும் குப்பிக்கே திருப்பி அனுப்பி, சரியான கோட்டில் நிறுத்துங்கள். தோலுக்கடியில் சிறு குமிழி போவதால் விலங்குக்குத் தீங்கில்லை. குமிழி இருந்த இடத்துக்கான மருந்து குறைந்துவிடும் என்பதே அதிலுள்ள சிக்கல். அளவைப் பார்க்கும்போது சிரிஞ்சைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி, உள்ளே நகரும் கறுப்பு ரப்பரில் ஊசிக்கு அருகே உள்ள விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். ரப்பரின் பின்விளிம்பைப் பார்த்து அளவெடுத்தால் மருந்து குறைந்துபோகும்.

ஊசி போடுதல்

வழக்கமாக 12 மணி நேர இடைவெளியில், நாளைக்கு இருமுறை, சாப்பாட்டை ஒட்டி இன்சுலின் தரப்படுகிறது. உணவை வைத்து, விலங்கு அதைச் சாப்பிடுகிறது என்று கண்ட பிறகே ஊசியை எடுங்கள். சாப்பிட மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ முழு அளவையும் போட்டுவிடாமல் மருத்துவரைக் கேளுங்கள். இந்தக் கேள்விக்கான விடையை முதல் நாளே கேட்டுக் குறித்துவைத்திருந்தால் இன்னும் நல்லது.

பிடரியில் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் தடித்து, மருந்து ஒரே சீராக உட்கிரகிக்கப்படாமல் போகலாம். விலா, வயிற்றின் பக்கவாட்டு ஆகிய இடங்களில், இன்று காலை இடப்பக்கம் என்றால் மாலையில் வலப்பக்கம் என மாற்றி மாற்றிப் போடுங்கள். முடியை ஒதுக்கி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்தால், அடியில் ஒரு சிறு பள்ளம் உண்டாகும். ஊசிமுனையின் சாய்வான வெட்டு மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, உடலை ஒட்டிய சாய்வில் அந்தப் பள்ளத்துக்குள் தயங்காமல் செலுத்தி, மருந்தை முழுவதும் அழுத்தி, ஒன்றிரண்டு நொடி பொறுத்து வெளியே எடுங்கள். மெதுவாகத் தயங்கித் தயங்கிக் குத்துவதுதான் வலிக்கும். மடிப்பின் மறுபக்கத்தில் ஊசி வெளியே வந்துவிடுவதும் உண்டு. போட்டதும் இருபக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினாலோ, இன்சுலினில் கலந்துள்ள பதப்பொருளின் மருத்துவமனை நெடி முடியில் வீசினாலோ, மருந்து வெளியே போயிருக்கிறது என்று பொருள்.

அப்படி வெளியே போயிருந்தாலும், போட்டோமா இல்லையா என்ற ஐயம் எழுந்தாலும், மீண்டும் ஒருமுறை போடவே கூடாது. ஒரு வேளை இன்சுலின் தவறியதால் ஏற்படும் சர்க்கரை ஏற்றத்தை அடுத்த வேளையில் சமாளிக்கலாம். இருமுறை போட்டால் வரும் சர்க்கரை வீழ்ச்சி சில மணி நேரத்தில் உயிருக்கே உலை வைக்கும். வீட்டில் ஒருவருக்கு மேல் ஊசி போடுபவர்கள் இருந்தால், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, போட்டவுடன் நேரத்தையும் அளவையும் எழுதிவிடுங்கள். வாய்வார்த்தையாக மட்டும் சொல்லிக்கொள்ளும் வீடுகளில்தான் இருமுறை போட்டுவிடுவது எளிதாக நேர்கிறது.

சர்க்கரை இறங்கினால் தளர்ச்சி, தள்ளாட்டம், நடுக்கம், திடீர்ப் பசி, குழப்பம், முடிவில் வலிப்பு ஆகியவை வரும். விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுங்கள். சாப்பிடாவிட்டால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு மருத்துவரை அழையுங்கள். நினைவிழந்த விலங்கின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், வலிப்பின்போது பற்களுக்கு இடையே விரலை விடாதீர்கள். சர்க்கரை சேர்க்காதது என்று விற்கும் இனிப்புப் பாகுகளில் சைலிட்டால் இருக்கக் கூடும். அது சர்க்கரையை ஏற்றாது என்பதோடு நாய்க்கு நஞ்சும் ஆகும்.

பயன்படுத்திய பிறகு

ஒரு சிரிஞ்சை ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். முதல் குத்திலேயே முனை மழுங்கத் தொடங்கிவிடுகிறது. வழுக்கலுக்காக ஊசியின் மேல் பூசிய சிலிக்கான் படலமும் தேய்கிறது. அதே ஊசியை மீண்டும் குப்பிக்குள் விட்டால் கிருமியும் கூடவே போகும். ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்பது சரியல்ல, ஏனெனில் துடைப்பது அந்தப் படலத்தைத்தான் முதலில் அகற்றும். பயன்படுத்திய ஊசிக்கு மூடியை மாட்ட முயலும்போதுதான் பலர் கையில் குத்திக்கொள்கிறார்கள். மூடாமல் நேராகத் தடித்த பிளாஸ்டிக் கலத்தில் போட்டு, அது முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக மூடி, மருத்துவக் கழிவை ஏற்கும் மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஒப்படையுங்கள். தவறுதலாக மருந்து உங்கள் உடம்பிலேயே ஏறிவிட்டால், உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு, குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்தின் பெயரையும் செறிவையும் அவர் அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.