"வேலை செய்யல" என்று மட்டும் போடாதீர்கள்: புராஜெக்ட் பகிர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி ஒன்றைச் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள குட்டிக் கணினிப் பலகை), மண்ணின் ஈரம் பார்க்கும் சென்சார், சின்ன பம்ப். மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒரு நாள் இணையக் குழுவில் அவள் போட்ட ஒரு படம் வருகிறது. பிரெட்போர்டின் (பற்றவைக்காமல் வயர்களைச் செருகி இணைக்கும் பலகை) மேல் வயர்கள் சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி கிடக்கின்றன. கீழே ஒரே வரி: "வேலை செய்யல, யாராவது ஹெல்ப் பண்ணுங்க."

உதவ மனம் இருந்தாலும் எங்கே பிடித்து இழுப்பது? எந்த வயர் போர்டின் எந்தப் பின்னுக்கு, அதாவது எந்த இணைப்பு முனைக்கு, போகிறது என்று தெரியவில்லை. நிரல் இல்லை. என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது என்பதும் இல்லை. ஆனால் படத்தின் ஓரத்தில் லேப்டாப் திரை எட்டிப் பார்க்கிறது. அதில் வீட்டு வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் பளிச்சென்று இருக்கின்றன.

இந்த வயதுப் பிள்ளைகள் போடும் அப்டேட்களை ரொம்ப நாளாகப் பார்த்து வருகிறேன். பெரும்பாலான தவறுகள் இந்தப் படத்திலேயே அடங்கிவிடும். காட்ட வேண்டியது மறைந்திருக்கும், மறைக்க வேண்டியது வெளியே கிடக்கும்.

முழுசா முடிச்சுட்டுப் போடலாம்

அந்த மூன்று வார மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் கூச்சம்தான். அரைகுறையாக இருப்பதைக் காட்டினால் சிரிப்பார்களோ என்ற பயம். 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் கூடும் இணையச் செய்திக்குழுவில் ஒரு சின்ன அப்டேட் போட்டார். ஏப்ரலில் இருந்து ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன், வெறும் பொழுதுபோக்குக்குத்தான், பெரிதாக ஒன்றும் வராது என்று சொல்லிவிட்டு, அதில் எந்த நிரல்கள் ஓடுகின்றன என்று பதிப்பு எண்ணோடு எழுதினார்: கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் 1.08, நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் ஜிசிசி 1.40. எது ஓடாது என்பதையும் மறைக்கவில்லை. அன்றைய பிசிக்களில் இருந்த ஏடி வகை ஹார்ட் டிஸ்க் தவிர வேறு எதற்கும் இது வேலை செய்யாது, என்னிடம் இருப்பது அதுதான் என்றார். மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று ஒரு கேள்வியும் கேட்டார். அந்த இயங்குதளம்தான் பிறகு லினக்ஸ் ஆனது.

லினக்ஸ் ஆனதை விட்டுவிடுங்கள், எல்லோருடையதும் லினக்ஸ் ஆகப்போவதில்லை. அந்த அப்டேட்டின் கட்டுமானத்தை மட்டும் பாருங்கள். ஓடுவது, ஓடாதது, கையில் இருக்கும் பொருள், ஒரு கேள்வி. சில வரிகளில் முடிந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான ஆட்களும் உண்டு. இன்னும் ஒரு எல்இடிகூட எரிந்திருக்காது, அதற்குள் "வீட்டையே பார்த்துக்கொள்ளும் ரோபோ வருகிறது" என்று அறிவிப்பு வந்துவிடும். இரண்டு மாதம் கழித்து அதைப் பற்றிக் கேட்டால் ஆளையே காணோம்.

"வேலை செய்யல" என்பது தகவல் இல்லை

நம் பெண் இப்படி எழுதியிருந்தால்? "சென்சாரின் சிக்னல் வயர் 25ஆம் பின்னில் இருக்கிறது. வைஃபை இல்லாமல் தனியாக ஓட்டினால் ஈரத்துக்குத் தகுந்தபடி எண் ஒழுங்காக மாறுகிறது. வைஃபை சேர்த்த பிறகு சரியான எண்ணே வருவதில்லை. வேறு சென்சார் மாற்றிப் பார்த்தேன், அதே கதை."

இதைப் படித்ததும் விஷயம் தெரிந்தவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். முதல் தலைமுறை இஎஸ்பி32 சிப்பில், அனலாக் சிக்னலை, அதாவது தொடர்ச்சியாக ஏறி இறங்கும் வோல்ட்டேஜை, எண்ணாக மாற்றும் பகுதிகள் இரண்டு. 25ஆம் பின் இரண்டாவது பகுதியைச் சேர்ந்தது. வைஃபை ஓடும்போது அந்தப் பகுதியை வைஃபையே எடுத்துக்கொள்ளும். முதல் பகுதியில் இருக்கும் 32 முதல் 39 வரையிலான பின்களில் ஏதாவது ஒன்றுக்கு வயரை மாற்றினால் போதும். நிரலில் ஒரு எண்ணைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பதிலைக் கொண்டுவந்தவை "25ஆம் பின்", "வைஃபை சேர்த்த பிறகு" என்ற இரண்டு தகவல்களே. அவை இல்லாத கேள்விக்கு "வயர் எல்லாம் சரியா இருக்கான்னு பாரும்மா" என்பதைத் தாண்டி யாரும் எதுவும் சொல்ல முடியாது.

போர்டின் பெயரைச் சொல்லாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஆர்டுயினோ ஊனோவின் பின்கள் 5 வோல்ட்டில் பேசும். இஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை பிக்கோ போன்றவை 3.3 வோல்ட். ஊனோவுக்கு வரைந்த சர்க்யூட்டை அப்படியே பார்த்து, 5 வோல்ட் சிக்னல் தரும் சென்சாரை 3.3 வோல்ட் பின்னில் நேராகச் செருகினால் பின் கெட்டுப்போகலாம். போர்டு எது என்று முதல் வரியிலேயே இருந்தால் இதைப் படிப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

படம் எடுக்கும்போது நேர் மேலிருந்து, வெளிச்சத்தில் எடுங்கள். சிவப்பு வயர் பவருக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு (மின்சாரம் திரும்பும் பக்கம்) என்ற பழக்கத்தை வைத்துக்கொண்டால் உங்கள் கண்ணுக்கே பாதிப் பிழை தெரியும். படத்தைவிடவும் நல்லது, ஒரு தாளில் பேனாவால் வரைந்த சர்க்யூட். கோணலாக இருந்தால் பரவாயில்லை.

நிரலை மட்டும் தயவுசெய்து போனில் படம் எடுத்துப் போடாதீர்கள். அதை யாராலும் காப்பி செய்து ஓட்டிப் பார்க்க முடியாது. பிழைச் செய்தியையும் எழுத்தாகவே, முழுசாகப் போடுங்கள். பைத்தானில் என்ன பிழை என்று சொல்வது கடைசி வரிதான். அதை வெட்டிவிட்டு மேலே இருக்கும் பத்து வரியைப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓடின ஒரு தடவையை மட்டும் காட்டுவது

பத்து முறை ஓட்டி, ஒரு முறை சரியாக வந்ததை வீடியோ எடுத்துப் போடுவது. பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நஷ்டம் உங்களுக்குத்தான். "பத்தில் மூன்று முறைதான் ஓடுகிறது" என்று எழுதினால் மற்ற ஏழு முறை ஏன் ஓடவில்லை என்று யோசிக்க நாலு பேர் கிடைப்பார்கள்.

"இரண்டு வாரத்தில் சென்சாரின் இரண்டு கம்பியும் அரித்துப்போனது" என்று ஒரு அப்டேட் வந்தால் நான் ஆசையாகப் படிப்பேன். ஈர மண்ணில் குத்திவைத்த உலோகக் கம்பிகளில் எந்நேரமும் மின்சாரம் ஓடினால் மின்பகுப்பு நடந்து கம்பி கரையும். ஈரம் பார்க்கும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் சென்சாருக்குப் பவர் கொடுத்தால் பல மடங்கு நாள் தாங்கும். எல்லாம் அழகாக ஓடுகிறது என்று காட்டும் வீடியோவில் இந்த விஷயம் வரவே வராது.

மறைக்க வேண்டியவை

இதில் நானே மாட்டியிருக்கிறேன். வானிலைத் தகவல் தரும் ஒரு சேவையின் ஏபிஐ கீயை (அந்தச் சேவையை நம் நிரல் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) நிரலுக்குள்ளேயே எழுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உறைத்தது. அந்த வரியை அழித்து, புதிதாக ஒரு கமிட் (மாற்றத்தைப் பதிவு செய்வது) போட்டு, அப்பாடா என்று தூங்கப் போனேன். மறுநாள் நண்பர் ஒருவர் பழைய கமிட்டைத் திறந்து அந்தக் கீயை எனக்கே வாசித்துக் காட்டினார். கிட்ஹப்புக்குப் பின்னால் இருக்கும், மாற்றங்களைப் பதிவு செய்யும் மென்பொருளான கிட் வேலை செய்யும் விதமே அதுதான், பழையதை மறக்காமல் வைத்திருப்பது. கீ வெளியே போய்விட்டால் முதல் வேலை அந்தச் சேவைக்குள் போய் அதை ரத்து செய்து புதுக் கீ வாங்குவது. வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு.

பாஸ்வேர்டு, கீ எல்லாவற்றையும் தனிக் கோப்பில் வையுங்கள். முதல் கமிட்டுக்கு முன்பே அந்தக் கோப்பின் பெயரைக் கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள். கூடவே, "இங்கே உங்கள் பாஸ்வேர்டு" என்று எழுதிய மாதிரிக் கோப்பு ஒன்றை ஏற்றினால், உங்கள் நிரலை எடுத்து ஓட்டுகிறவருக்கும் குழப்பம் இருக்காது.

படங்களில் இதைவிடக் கவனம் வேண்டும். போன் கேமராவில் இருப்பிடம் ஆன் ஆகியிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை படக் கோப்புக்குள்ளேயே பதிவாகும். சில தளங்கள் அதை நீக்கிவிடும், சில அப்படியே விட்டுவிடும். அதை நம்பி இருக்காமல் கேமரா செட்டிங்கிலேயே இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள். பள்ளிச் சீருடை, அடையாள அட்டை, பார்சல் பெட்டியில் ஒட்டிய முகவரி, ஜன்னலுக்கு வெளியே தெரியும் தெரு, இதெல்லாம் மேசை ஓரத்தில் சும்மா கிடப்பவை. பார்க்கிறவனுக்கு அப்படி இல்லை. "பார்ட்ஸ் எல்லாம் ஃப்ரீயா அனுப்பறேன், தனியா மெசேஜ்ல அட்ரஸ் குடு" என்று யாராவது கேட்டால் பதில் போடாமல் நேராக வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள்.

யாருடையது?

வேறொருவரின் நிரலை எடுத்திருந்தால் யாரிடமிருந்து என்று ஒரு வரி. ஏஐ எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். நாற்பதாவது வரி என்ன செய்கிறது என்று ஒருவர் கேட்கும்போது முழிப்பதைவிட அது மேல். உங்கள் நிரலை மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்று நினைத்தால் உரிமம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். வெறுமனே ஏற்றிவைத்ததாலேயே எடுத்துப் பயன்படுத்தும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. எம்ஐடி உரிமம் சின்னது, பலரும் பயன்படுத்துவது. ஆனால் அதைச் சேர்த்து வெளியிடும் நிரலையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் இருந்த நிரலை எடுத்து உள்ளே சேர்த்துக்கொண்டு, மொத்தத்துக்கும் எம்ஐடி என்று முத்திரை குத்தக் கூடாது.

"சரியாயிடுச்சு, தேங்க்ஸ்"

என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். மூன்று பேர் ராத்திரி உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுதியிருப்பார்கள். எது சரியாக்கியது என்று சொல்லாமல் ஆள் போய்விடுவார். ஆறு மாதம் கழித்து அதே பிரச்சினையோடு வருகிறவருக்குக் கிடைப்பது அந்த "தேங்க்ஸ்" மட்டும். நம் பெண் திரும்பி வந்து இப்படி எழுதினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"25இல் இருந்து 34க்கு மாற்றினேன். வைஃபை ஓடும்போதும் எண் சரியாக வருகிறது. இப்போது புதுப் பிரச்சினை: பம்ப் ஓட ஆரம்பித்ததும் போர்டு ரீஸ்டார்ட் ஆகிறது. பம்ப், போர்டு இரண்டுக்கும் ஒரே யூஎஸ்பி வயரில் இருந்துதான் பவர் போகிறது. நாளைக்குப் பம்புக்குத் தனி சப்ளை கொடுத்துப் பார்க்கிறேன். இரண்டு கிரவுண்டையும் சேர்க்க வேண்டும்தானே?"

ஆமாம், சேர்க்க வேண்டும்.